கால் வீக்கத்தை மறைக்க வேண்டாம்

(ஒடுகத்தூரில் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உதவி கேட்கும் குடும்பங்களைப் பார்க்க நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். சில வீடுகளில் உள் அறையில், போர்வைக்குள் காலை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, பள்ளிவாசலுக்கும் வருவதில்லை. கேட்டால், "யானைக்கால், இனி என்ன செய்ய?" என்கிறார். செய்வதற்கு நிறைய இருக்கிறது.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து உடலில் தங்கும் நீர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லிட்டர். அதுதான் நிணநீர். மெல்லிய குழாய்கள் அதைச் சேகரித்துத் திரும்ப இரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் இருக்கும் கணுக்கள் கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன. இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனி பம்பு இல்லை. குழாய்கள் சுருங்குவதும், நாம் நடப்பதும், மூச்சு விடுவதும்தான் அதைத் தள்ளுகின்றன. குழாய் அடைபட்டால் நீர் தேங்கும், கால் வீங்கும்.

யானைக்கால் நோயில் குழாயைக் கெடுப்பது ஒரு நூல் புழு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் ஓடும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் இரவில் வந்து இரத்தம் எடுக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு 1940களில் அமெரிக்காவில் கண்டுபிடித்த மருந்து அது. அது புழுவின் குஞ்சுகளை அழித்து, நோய் பரவாமல் தடுக்கும். ஆனால் பல வருட வீக்கத்தை அது வற்ற வைக்காது. இந்த நோய் பரம்பரையாக வருவதில்லை, தொட்டாலும் ஒட்டாது. இதைக் காரணம் காட்டிப் பெண் எடுக்க மறுப்பது அநியாயம்.

வீங்கிய காலை மேலும் கெடுப்பது பெரும்பாலும் விரல் இடுக்கில் வரும் வெடிப்பும் சேற்றுப் புண்ணும்தான். கிருமி அங்கேதான் நுழைகிறது. உடனே குளிர் காய்ச்சல், சிவப்பு, வலி. ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் கால் இன்னும் பருக்கும். நாம் ஒளு செய்யும்போது விரல்களைக் கோதிக் கழுவுகிறோம். அதோடு நின்றுவிடாமல், மென்மையான துணியால் இடுக்கெல்லாம் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரத்தோடு ஷூ போடக்கூடாது. தோல் பதனிடும் இடத்தில் தண்ணீரில் நிற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள். கணுக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சல் வந்தால் சூடு போடாதீர்கள், தேய்க்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குள் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கலாம். வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கட்டுப்போட்டுப் பயிற்சி செய்தால் கட்டுப்படுத்தலாம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், வலி இல்லையே என்று விடாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

முற்றிய யானைக்கால் நோயாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. மனு எழுத நாங்கள் உதவுகிறோம், மருத்துவமனைக்கும் கூட வருகிறோம். உங்கள் தெருவில் இப்படி மறைந்து வாழ்பவர் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்களே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சாப்பிடுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.