கோத்தா ஆலாம் ஷா: பெயர் மறைந்தது, பாடம் மறையவில்லை

தடுப்புக் காவலில் இருந்த ஒருவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர் கிள்ளான். அந்தத் தொகுதியின் பெயர் கோத்தா ஆலாம் ஷா. இன்று வாக்குச் சீட்டில் அந்தப் பெயர் கிடையாது. ஆனாலும் அங்கு நடந்த தேர்தல்களை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் 56 சட்டமன்றத் தொகுதிகளில் 54 தேசிய முன்னணியின் கைக்குப் போயின. கோத்தா ஆலாம் ஷாவை அக்கூட்டணியின் கெராக்கான் கட்சி வென்றது. அந்தக் கோட்டையை யாராலும் அசைக்க முடியாது என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள்.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டார்கள். டிசம்பர் 13இல் அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதாகி, கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தில் நீதிமன்ற விசாரணையே தேவையில்லை. ஐவரில் ஒருவரான வழக்கறிஞர் மனோகரனை ஜனநாயக செயல் கட்சி கோத்தா ஆலாம் ஷாவில் நிறுத்தியது.

வேட்பாளர் முகாமுக்குள், வாக்காளர்களோ கிள்ளானில். அவருக்காக அவருடைய மனைவி வாக்கு கேட்டார். 2008 மார்ச் 8இல் மனோகரன் 7,184 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். மாநிலத்தில் எதிர்க்கட்சிகள் 36 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தன. 1967இல் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றதைத் தமிழ்நாடு கண்டது. 1977இல் சிறையிலிருந்தே ஜார்ஜ் பெர்னாண்டஸ் முசாபர்பூரில் வென்றதை இந்தியா கண்டது. அந்த வரிசையில் கிள்ளானும் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோத்தா ஆலாம் ஷாவில் சீனர்கள் அதிகம். மலாய்க்காரர்களும் இந்தியர்களும் உடன் வாழ்கிறார்கள். இந்தியர் வாக்கு மட்டும் இப்படிப்பட்ட பெரும்பான்மையைத் தந்திருக்க முடியாது. ஒரு சமூகத்தின் மனக்குறை மற்ற சமூகங்களின் காதிலும் விழுந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. மனோகரன் விடுதலையானது 2009 மே மாதத்தில். ஏறக்குறைய 14 மாதங்கள், சாக்கடை அடைப்பு முதல் அடையாள அட்டைச் சிக்கல் வரை நேரில் வந்து குறை கேட்க, தேர்ந்தெடுத்த உறுப்பினர் தொகுதியில் இல்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தேதான் மக்கள் வாக்களித்தார்கள். சேவையைவிடக் குரல் முக்கியம் என்று அன்று முடிவு செய்தார்கள். அந்தச் சட்டம் 2012இல் ரத்தானது.

2013இல் மனோகரன் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குப் போய், 462 வாக்குகளில் தோற்றார். கோத்தா ஆலாம் ஷாவில் நின்று வென்றவர் கணபதிராவ். அவரும் அந்த ஐவரில் ஒருவர். பின்னர் மாநில ஆட்சிக்குழு உறுப்பினரானார். 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். முகாமில் இருந்த ஐவரில் இருவரை அடுத்தடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய பெருமை இந்த ஒரே தொகுதிக்கு உண்டு.

2018 தொகுதி எல்லை மறுசீரமைப்பில் கோத்தா ஆலாம் ஷா என்ற பெயர் மறைந்தது. அவ்வாண்டு கணபதிராவ் கோத்தா கெமுனிங்கிற்கு மாறிப் போட்டியிட்டார். கோடு மாறினால், பல ஆண்டுகள் ஒன்றாக வாக்களித்த அண்டை வீட்டாரும் வெவ்வேறு தொகுதிகளுக்குப் பிரிந்து போகலாம்.

இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி சிலாங்கூரில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பது மற்றவர்களைவிட இந்தியர்களையே அதிகம் பாதிக்கும். ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 8 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். பரிந்துரை வெளியானதும் ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்பட்ட வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்தாலே ஆட்சேபம் எழுப்பலாம். தேர்தல் ஆணையம் விசாரித்தாக வேண்டும். 100 கையெழுத்து என்பது ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மூலை. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது; எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதையும் பார்த்து வைத்திருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை; கோடு அதற்கு முன்பே போடப்பட்டிருக்கும்.