ஆய்தல் என்னும் சொல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் தமிழ்ப் புலவர் அல்லோம். இரயில்வேயில் எழுத்தர் பணி புரிவோம். ஆயினும் வீட்டில் வழங்கும் சொல்லைப் பற்றிப் பேச எவர்க்கும் உரிமை உண்டன்றோ? அத்தகைய சொல் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டோம். அது 'ஆய்தல்' என்பது.

கீரை ஆய்கையில் தளிரும் நல்லிலையும் ஒருபுறம் சேர்கின்றன. அழுகலும் வேரும் புல்லும் மறுபுறம் ஒதுங்குகின்றன. பொறுக்குதல் என்றால் எடுப்பது. கழித்தல் என்றால் தள்ளுவது. கொள்வதும் தள்ளுவதும் ஒரே செயலாய் நிகழ்வதை உணர்த்துவது ஆய்தல். மீன் ஆய்தலும் அவ்வாறே.

இச்சொல் மிகப் பழையது. தொல்காப்பிய உரியியல் இதற்கு நுணுக்கம் என்று பொருள் கூறுகிறது. நுணுகி நோக்கினாலன்றி நல்லதும் அல்லதும் பிரியா. ஆதலின் தெரிந்தெடுத்தல் என்னும் பொருளும் இதற்குப் பொருந்துவதே. தேர்ந்த அணிகளைப் பூண்ட பெண்ணைப் பழம்புலவர் 'ஆயிழை' என்றனர். திருக்குறளின் 80ஆம் அதிகாரம் 'நட்பாராய்தல்'. நண்பரிலும் கொள்ளத்தக்கார், தள்ளத்தக்கார் உண்டு என்பது அதன் கருத்து. இக்காலத்து ஆராய்ச்சி, ஆய்வகம், ஆய்வாளர் ஆகிய யாவும் இவ்வேரில் கிளைத்தனவே.

நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் இந்தியிலும் இதற்கு உறவான கருத்துடைய சொல் உண்டு. 'சுன்னா' என்பது பூக்கொய்தலையும் தெரிந்தெடுத்தலையும் குறிக்கும். தேர்தலைக் குறிக்கும் 'சுனாவ்' அதிலிருந்து வந்ததே. வீட்டுச் சொல்லே நாட்டுச் சொல்லாக உயர்வது எம்மொழிக்கும் இயல்பு போலும்!

இக்காலனிப் பிள்ளைகளுள் பலர் தமிழைக் காதால் மட்டுமே கற்கின்றனர். 'ஆய்வு' என்னும் சொல்லை நூலில் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டாமலே போகலாம். ஆனால் பாலக்கும் வெந்தயக்கீரையும் நம் வீட்டிற்கு வாராத வாரம் இல்லை. அவற்றைக் 'கிளீன் பண்ணு' என்று சொல்லிப் பழகிவிட்டால், இத்துணைத் தொன்மையான சொல் நம் தலைமுறையோடு நின்றுவிடும். தாய்மார்களே, 'வா கண்ணே, கீரை ஆயலாம்' என்று பிள்ளையை அருகில் அழையுங்கள். மகனாயினும் மகளாயினும் அழையுங்கள்.

பிற மாநிலத்தில் வாழும் நாம், எவ்வழக்கத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று நாள்தோறும் முடிவு செய்கிறோம். அதுவும் ஆய்தலே. அவசரத்தில் நல்லிலையையும் குப்பையோடு எறிந்துவிடாதிருப்போமாக!