நண்பர்களுக்கு மட்டும்

டைரி எழுதுகிறவர்கள் அதை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். யாராவது எடுத்துப் படித்துவிட்டால் வீட்டில் சண்டைதான்! ஆனால் 1999-இல் அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மாணவர், நாலு பேர் படிக்கட்டும் என்றே இணையத்தில் டைரி எழுத வழி செய்தார். பள்ளி நண்பர்களுக்குத் தன் சேதி தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அப்படிப் பிறந்தது லைவ்ஜர்னல்.

காகித டைரி பதில் பேசாது. இங்கே ராத்திரி புலம்பி எழுதினால், காலையில் முகம் தெரியாத ஒருவர், "எனக்கும் இப்படித்தாங்க" என்று எழுதியிருப்பார். அந்த ருசிக்காகவே நிறைய பேர் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

எழுதியதை நண்பர்களுக்கு மட்டும் காட்டவும் வசதி உண்டு. வம்பு அங்கேதான். ஒருவரை நண்பர்கள் பட்டியலில் சேர்த்தால் அவர் எழுதுவது நமக்கு வரும். நாம் பூட்டி வைத்ததையும் அவர் படிக்கலாம். இரண்டுக்கும் ஒரே பட்டியல். தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று அலுத்துப்போய்ப் பெயரை எடுத்தால், கல்யாணப் பத்திரிகை வராத சொந்தக்காரர் மாதிரி அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்!

ரஷ்யர்களுக்கு லைவ்ஜர்னல் ரொம்பவே பிடித்துப்போனது. 2007-இல் ஒரு ரஷ்ய நிறுவனம் அதையே விலைக்கு வாங்கிவிட்டது.