மருத்துவச் செலவும் அரசின் கண்காணிப்பும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டுதோறும் வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியராகிய நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. நன்கு படித்துவந்த பிள்ளை திடுமெனப் பள்ளியை விட்டு நீங்கினால், பல வேளைகளில் அதற்குப் பின்னே பெற்றோரின் நோயும், அந்நோய் தீர்க்க வாங்கிய வட்டிக் கடனும் இருக்கின்றன.

பணமில்லாமையால் எவர்க்கும் மருத்துவம் கிட்டாமற் போகலாகாது என்று சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946இலேயே அறிவுறுத்தியது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் ஆலைத் தொழிலாளர்க்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஆராயப்பெற்றது. அது 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டமாயிற்று. ஆயினும் வயலில் உழைக்கும் நம் மக்கள் அதன் நிழலுக்கு வெளியேயே நின்றனர்.

அரசு முறையாகத் திட்டமிட்டால் செலவு குறையும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து வழங்கியது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் இதயக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலையை, வரி நீங்கலாக, 29,600 ரூபாய் என வரையறுத்தது. அதற்குமுன் அதன் சராசரி விலை ஒரு லட்சத்துக்கும் மேல்! 2020 ஜூனில் கொரோனாவுக்குத் தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைக் கட்டணம் நாளொன்றுக்கு 15,000 ரூபாயைத் தாண்டலாகாது எனத் தமிழக அரசு ஆணையிட்டது. ஆகவே, விலைக்கு வரம்பு கட்டுதல் இயலாத செயலன்று.

எனினும், தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997இல் இயற்றிய மாநிலச் சட்டத்திற்கு விதிகள் வந்தது 2018இல்தான். இருபத்தோராண்டு! இவ்வளவு நாள் உறங்கிய சட்டத்தால் ஏழைக்கு என்ன பயன்? 2009இல் தொடங்கிய அரசு காப்பீட்டுத் திட்டம் பெருநோய்களில் பலரைக் காத்தது மெய்யே. ஆனால் தனியாரிடம் புறநோயாளியாகச் செல்பவரின் அன்றாட மருந்துச் செலவையும், இழந்த கூலியையும் அது ஈடு செய்வதில்லை. காப்பீடு கண்காணிப்புக்கு மாற்றாகாது.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. ஒவ்வொரு மருத்துவமனை வாயிலிலும் கட்டணப் பட்டியல் தமிழில் தொங்க வேண்டும். நோயாளிக்கு இனவாரியாக ரசீது தரவேண்டும். முறையீட்டை விசாரிக்கும் மாவட்டக் குழுவில் மருத்துவரும் அதிகாரியும் மட்டுமன்றி, ஒடுக்கப்பட்டோரின் சார்பாளரும் அமர வேண்டும். புதிய மருத்துவ நிலையம் எங்கே வேண்டுமென்பதை, ஊருக்கும் நம் குடியிருப்புக்கும் இடையேயுள்ள தொலைவைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

நம் சங்கத்தால் பட்டம் பெற்ற இளைஞர்க்கும் ஒரு கடமை உண்டு. எழுத்தறியாத தாய் கொணரும் மருத்துவ ரசீதைப் படித்துச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கொடுங்கள். கற்ற கல்வி கேள்வி கேட்கட்டும்; அக்கேள்வியால் ஒரு பிள்ளையேனும் பள்ளியில் நிலைக்கட்டும்!