கிள்ளான் கற்றுத் தந்த பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



அறிவியல் ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், மக்களின் உயிரைக் காத்த ஆராய்ச்சிகள் பல, சேற்றில் இறங்கி நின்று செய்யப்பட்டவை. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் கிள்ளானே போதும்.

1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். சதுப்பு நிலத்தில் எழுந்த அந்தத் துறைமுகத்தில் சில வாரங்களிலேயே மலேரியா புகுந்தது. புதிதாகத் திறந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசிக்கும் நிலை வந்தது. கிள்ளான் பட்டணத்திலும் இதே கதிதான்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்திருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் 1897இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. காய்ச்சல் கண்டவருக்குக் கொய்னா கொடுப்பது ஒரு வழி. கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியையும் எடுத்தே தீர வேண்டும் என்றார் வாட்சன். பட்டணத்தை ஒட்டியிருந்த காடு வெட்டப்பட்டது. தேங்கிய நீர் வடிகால்களில் வெளியேற்றப்பட்டது.

பலன் என்ன? 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தவர்கள் 582 பேர். அவர்களில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் 368 பேர். மறு ஆண்டில் மொத்த மரணம் 144, மலேரியா மரணம் 59. 1905இல் மலேரியா மரணம் 45. வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்திலோ இதே காலத்தில் மரணம் குறையவில்லை. ஆக, காய்ச்சல் தானாக ஓய்ந்துவிடவில்லை; வடிகால்தான் அதை ஓயவைத்தது என்பது உறுதியானது.

மேட்டு நிலத்தில் தோற்ற முறை

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை மட்டுமே. பாடம் இனிமேல்தான் வருகிறது.

ரப்பருக்காகக் குன்றுப் பகுதிகளிலும் காடுகள் அழிக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அங்கே லயங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கிள்ளானில் வென்ற அதே முறை அங்கும் கையாளப்பட்டது. காட்டை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள். காய்ச்சல் குறையவில்லை. குழந்தைகளும் பால்மரம் வெட்டுவோரும் தொடர்ந்து மாண்டார்கள்.

ஏன்? கொசு வேறு! கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலஸ் கொசு, மர நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும் வகை. காட்டை வெட்டினால் அது ஒழிந்துவிடும். குன்றுப் பகுதியில் இருந்ததோ, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் வகை. காட்டை வெட்டி ஓடையில் வெயிலை விழவைத்தவர்கள், தெரியாமல் அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

வாட்சன் தம் பழைய வெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மீண்டும் பள்ளத்தாக்குகளில் இறங்கிக் கொசுப்புழுக்களைத் தேடினார். மேட்டு நிலத்தில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பின்னர் சேர்ந்துகொண்டது. கிள்ளானுக்கு ஒரு மருந்து, குன்றுக்கு வேறு மருந்து. இடம் அறிந்து செய்தால்தான் எந்த ஆராய்ச்சியும் பயன் தரும்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு

மனிதருக்கு மனிதர் கொசுவால் பரவும் மலேரியா, 2018இல் முதன்முறையாக மலேசியாவுக்குள் ஒருவரையும் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது. ஆனால், தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிவந்த மக்களைத் தேடி டிங்கி வந்துவிட்டது. 2019இல் மட்டும் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சதுப்பு நிலம் தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு போதும்.

1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து ஒரு புதிய வழியைச் சோதித்தது. வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழ்கிறது. அதை ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தினால், டிங்கிக் கிருமி அந்தக் கொசுவில் வளர்வது கடினமாகிறது. தாய்க்கொசுவின் முட்டை வழியே அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

இங்கும் வாட்சனின் பாடம் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் பயன்பட்ட வோல்பாக்கியா வகை கடும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். எனவே நம் நாட்டு வெயிலைத் தாங்கும் வேறு வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா, கெராமாட் குடியிருப்புகளில் அந்தக் கொசுக்கள் விடப்பட்டன. கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் முடிவுகள் வெளியாயின. சில இடங்களில் வோல்பாக்கியா நிலைத்தது. சில இடங்களில் வெளியிலிருந்து வந்த கொசுக்கள் கலந்ததால் அதன் அளவு ஏறி இறங்கியது.

ஒழிக்க வேண்டிய கொசுவைக் கொண்டுவந்து வாசலில் விட்டால் யார்தான் சம்மதிப்பார்கள்? பெந்தோங் அருகே 2010 டிசம்பரில் மரபணு மாற்றிய கொசுக்கள் விடப்பட்டபோது, மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்ற கண்டனம் எழுந்தது. வோல்பாக்கியா சோதனையிலோ குடியிருப்பாளர்களைச் சந்தித்து விளக்கி, அவர்களின் இசைவைப் பெற்ற பிறகே கொசுக்கள் விடப்பட்டன. இது சலுகை அல்ல, மக்களின் உரிமை. அன்று லயத்தில் இருந்த தொழிலாளியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள் என்றால், கேள்வி கேட்கவும் புரிந்துகொண்டு பதில் சொல்லவும் நாமும் பழக வேண்டும்.

குடியிருப்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் ஒதுங்க வேண்டாம். பிள்ளைகள் அறிவியலில் நாட்டம் காட்டினால், மருத்துவராகு என்று மட்டும் சொல்ல வேண்டாம். கொசுப்புழுவை ஆராய்கிறவரும் உயிர் காப்பவர்தான். கிள்ளானில் காப்பாற்றப்பட்ட உயிர்களே அதற்குச் சாட்சி.