தூக்கத்தில் தூக்கிப் போடுவது பேயா, நோயா?

(நோட்டன் பிரிட்ஜில் நடந்த சங்க அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், கிலோ, பேர் என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில் இன்று தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாதர் தலைவிமார் கேட்டுக்கொண்ட விஷயம் இது. உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது நடந்திருக்கும். வெளியே சொல்லத்தான் கூச்சம்.

படுத்துக் கண் அசருகிற நேரம். மலையில் கான் ஓரத்தில் நடக்கும்போது கால் வழுக்குவது போல இருக்கும், அல்லது படியே இல்லாத இடத்தில் கால் வைத்தது போல இருக்கும். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போடும். திடுக்கிட்டு எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையும் எழுந்துவிடும். மறுநாள் பீலிக்கரையில் சொன்னால் ஒருவர் "காத்துக்கருப்பு" என்பார், இன்னொருவர் "நெஞ்சு வருத்தம்" என்பார். அதன் பிறகு தாயத்து, மந்திரிப்பு, சேவல் என்று கைக்காசு போகும். அடுத்த நாள் இரவு படுக்கவே பயம் வரும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, இது பேயும் இல்லை, நோயும் இல்லை. பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வருகிறது. ஆண், பெண், சிறுபிள்ளை, கிழவர் என்ற பேதம் இதற்குக் கிடையாது.

ஏன் வருகிறது? விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போவது விளக்கை அணைப்பது போல ஒரே நொடியில் நடப்பதல்ல. மூளையில் விழித்திருக்க வைக்கிற பகுதி மெல்லக் கையை விடும், தூங்க வைக்கிற பகுதி மெல்லப் பிடிக்கும். நைட் வேலைக்காரர் பகல் வேலைக்காரரிடம் வேலையை ஒப்படைப்பது போன்ற நேரம் அது. அந்தக் கைமாற்றத்தில் சில வேளை தசைகளுக்குத் தப்பான ஒரு கட்டளை போய்விடுகிறது. கை, கால் ஒரே தடவையில் வெட்டி இழுக்கிறது. உடம்பு தளர்வதை "நான் விழுகிறேன்" என்று மூளை தப்பாக எடுத்துக்கொள்வதால்தான் அப்படி ஆகிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மரத்தில் தூங்கிய குரங்கு மூதாதையரின் மிச்சப் பழக்கம் என்பாரும் உண்டு. இவை இரண்டும் ஊகம்தான். ஆனால் இது உயிருக்கு ஆபத்தில்லை என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனைத்தான் அமுக்குவான் பேய் என்கிறோம். விடியப்புறம் கண் திறந்திருக்கும், ஆனால் கை காலை அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்தது போல இருக்கும். கூப்பிட நினைத்தாலும் சத்தம் வராது. காம்பரா மூலையில் ஆள் நிற்பது போலவும் தெரியும்.

1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தூக்கத்தில் ஒரு கட்டம் வருகிறது. அப்போது மூடிய இமைக்குள்ளே கண்கள் வேகமாக ஓடுகின்றன. கனவு அதிகமாக வருவதும் அந்தக் கட்டத்தில்தான். கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க, அந்த நேரம் மூளை உடம்பைக் கட்டிப்போட்டு வைக்கிறது. சில நாள் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்னே மனம் விழித்துவிடும். கட்டிய உடம்பும் கலையாத கனவும் சேர்ந்ததுதான் அமுக்குவான். சில நொடிகளிலோ இரண்டொரு நிமிடத்திலோ போய்விடும். மூச்சை இழுக்கிற பெரிய தசையை மூளை கட்டுவதில்லை, ஆகையால் மூச்சு நிற்காது.

இது நம் லயத்துக்கு மட்டும் வருகிற பேய் அல்ல. ஜப்பானில் உலோகத்தால் கட்டுப்பட்டது என்கிறார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்கள் கிழவி வந்து அமுக்குகிறாள் என்றார்கள். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு.

அந்த நேரம் வந்தால் பயந்து போராட வேண்டாம். ஒரே ஒரு விரல் நுனியையோ கால் பெருவிரலையோ அசைக்கப் பாருங்கள், கட்டு அவிழும். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுங்கள். பக்கத்தில் இருப்பவர் தொட்டு எழுப்பினால் போதும். சாமி கும்பிட்டு, விபூதி பூசி மனம் அமைதியானால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இரவில் அலறிய ஒரு குமரிப்பிள்ளைக்குப் "பேய் பிடித்தவள்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். தூக்கம் ஒரு நாளில் சரியாகிவிடும். அந்தப் பெயர் லேசில் போகாது.

சரி, இவை எப்போது கூடுகின்றன? களைப்பு, நேரம் தவறிய தூக்கம், கவலை, கஃபீன், புகை ஆகியவை சேரும்போது. ஒவ்வொன்றாக நம் வீட்டில் பார்ப்போம்.

பெண் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைத் தயார்ப்படுத்தி, பெரட்டுக்கு ஓடுகிறார்கள். பகல் முழுக்க மலை. இரவு பத்து மணிக்குத்தான் பாத்திரம் கழுவி முடிகிறது. பெரியவர் ஒருவருக்கு ஏழு மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும். இங்கே ஆறுகூட இல்லை. ஆண் தோழர்களே, ஒரு வேளைச் சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது மருந்தைவிட நல்லது. தூக்கம் வரவேண்டும் என்று சாராயம் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது படுக்க வைக்கும், ஆனால் நடுச்சாமத்துக்குப் பிறகு தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது நம் கைப்பட்ட தேயிலை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கிறது. அதில் பாதி உடம்பைவிட்டுப் போக ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். இரவு எட்டு மணிக்குக் கடுஞ்சாயம் குடித்தால் ஒரு மணிக்கும் பாதி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே பின்னேரத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோற்றோடு சேர்த்தும் குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைச் சாயம் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். படுத்ததும் கால் குறுகுறுத்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது கவலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் நம்மில் இல்லை. மேட்டுக்குக் கீழே லயம், வெளியே அடைமழை என்றால் மூளை எப்படி நிம்மதியாகத் தூங்கும்? பாதிக் கண் திறந்துதான் கிடக்கும். அந்தப் பயத்தை மனப்பிரமை என்று ஒதுக்க முடியாது. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், கதவு திடீரென இறுகுதல், ஊற்றுத் தண்ணீர் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எல்லாவற்றையும் சாதாரணம் என்றும் விட்டுவிடக் கூடாது. தூக்கத்தில் வெட்டி இழுக்கும்போது நாக்குக் கடிபட்டால், சிறுநீர் போனால், எழுந்த பிறகும் ஆள் தெரியாமல் தடுமாறினால் அது வலிப்பாக இருக்கலாம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் அதையும் காட்ட வேண்டும். டிஸ்பென்சரியில் சொல்லி, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. பயமும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழைக்கலாம். கடையில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

கடைசியாகச் சங்க வேலை. தூக்கம் அவரவர் சொந்த விஷயம் என்று சொல்வார்கள். கொழுந்து வாடுவதற்கும் அரைப்பதற்கும் தொழிற்சாலையில் இரவெல்லாம் நிற்கிற தோழர் பகலில் எங்கே தூங்குவார்? ஒரே காம்பராவில் ஆறு பேர், பக்கத்துக் காம்பராவில் வானொலி. சர்வதேச தொழில் தாபனத்தின் 1990ஆம் ஆண்டு இரவு வேலைச் சமவாயம், இலக்கம் 171, இரவு வேலையாள் கேட்டால் இலவசமாக வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. நாமும் அதைக் கேட்போம். நைட் முறை வாரத்துக்கு வாரம் தாறுமாறாக மாறக் கூடாது, முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று கேட்போம். ஆபத்தான மேட்டுக்குக் கீழுள்ள லயன்களின் பட்டியலை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் என்ற கோரிக்கைக்கு அந்தப் பட்டியல்தான் பலம்.

இன்றிரவு உங்களைத் தூக்கிப் போட்டால் கொஞ்சம் தண்ணீர் குடித்து, பிள்ளையைத் தட்டிக்கொடுத்து, மறுபக்கம் திரும்பிப் படுங்கள். அது தானாக அடங்கும். லயத்துக்கு மேலே நிற்கிற மேடு தானாக விலகாது. அதற்கு அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள்.