தீவு அலுவலகத்தில் கணிப்பொறி நின்றால்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. அதுவரை தீவுகளின் அரசு அலுவலகங்கள் செயற்கைக் கோளையே பெரிதும் நம்பியிருந்தன. அக்கோள் நிலைகொள்ளும் உயரம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர்; ஒரு வினா சென்று விடை வர அரை நொடி ஆகும். தலைநகரில் தடையின்றி இயங்கும் மென்பொருள், ஒரு படிவத்திற்காக மையக் கணிப்பொறியை நூறு முறை அடுத்தடுத்து வினவுமாயின், தீவில் ஐம்பது நொடி கழிந்துவிடும். பழி செயற்கைக் கோள் மீது விழும். பிழையோ மென்பொருளின் அமைப்பில்.

கம்பிவடம் இத்தாமதத்தைப் பெரிதும் குறைத்தது. மின்தடையையும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இணைப்பு முனைகளையும் அது என்ன செய்யும்? முதலில் மின்சாரம், அடுத்து அலுவலகத்துள் ஒரு பொறி மற்றொன்றை எட்டுகிறதா என்பது. அதன் பின்னரே வெளியிணைப்பை ஐயுறுதல் முறை. நடப்பதோ வேறு: "அணைத்துப் போடுங்கள்" என்று தொலைபேசியில் ஆலோசனை வரும். பல கருவிகளில் அதனால் பிழைக் குறிப்பும் அழிந்து, காரணம் மறைந்துவிடுகிறது.

படகேறி வந்த முதியவர் ஓய்வூதியச் சான்றின்றித் திரும்பும் நாளில் இழப்பு அவருடையதே. மாற்றுக் கருவி கார் நிக்கோபாருக்குக் கப்பலில் செல்ல வேண்டியது. ஆதலின் அதற்கும், உள்ளூர்ப் பணியாளர் ஒருவரின் பயிற்சிக்கும் திட்ட மதிப்பீட்டிலேயே தொகை ஒதுக்கப்பெற வேண்டும். "பராமரிப்பில் பின்னர்ப் பார்க்கலாம்" என்று ஒத்திவைக்கும் தொகை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.